பதில் எழுதாத நோட்டு

“கேள்வியெல்லாம் இங்க கெடக்கு. பதிலு எங்க கெடக்கு? மொதல்ல அதச் சொல்லு” என்று பெர்லின் தன் மகனுடைய நோட்டைத் தரையில் தட்டிப் போட்டாள். செசிலிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஜெபமாலை அறுந்து தெறிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

அன்றைக்கு அன்பியக் கூட்டம் செசிலியின் வீட்டில். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து, தெருவிலுள்ள இருபது குடும்பமும் வியாழக்கிழமை சாயங்காலம் கூடி ஜெபமாலை சொல்லி, பைபிளில் ஒரு பகுதி வாசித்து, பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டுக் கலைவார்கள். ஜெபம் முடிவதற்கும் சாயா வருவதற்கும் நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில்தான் ஊர்க்காரியம் அத்தனையும் பேசித் தீரும். அன்றைக்கு வந்தது, தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் செசிலியின் மருமகள் ஸ்மைலினின் காரியம். அவள் அடுக்களையில் சாயா கலக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடுக்களை, ஒரு சொல் விடாமல் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் பெர்லினும் பேசினாள்.

“பதிலு எதுக்குட்டி? அவ கேள்வி எழுதத்தான படிச்சிக் குடுக்கா” என்றாள் செசிலி.

“பதிலு இல்லாத பாடம் ஒலகத்துல எங்கயாவது உண்டா? எனக்க பயலுக்க நோட்டுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘ஒய் இஸ் மை டாடி ஸ்லீப்பிங் இன் த போட்?’ எனக்க மாப்பிள வள்ளத்துல படுத்தா இவளுக்கு என்ன?”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெர்லினின் புருஷன் சண்டை போட்டுக்கொண்டு பத்து நாளாகக் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் படுத்துக் கிடப்பது தெருவுக்கே தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரிவது வேறு, இங்கிலீஷில் எழுதி வைப்பது வேறு.

“அது உனக்க பயலுக்க சந்தேகம். வீட்டுக்குப் போயி அவனுக்குப் பதிலு சொல்லு. இங்க வந்து எனக்க மருமொவள்ட்ட எதுக்குக் கேக்க?”

“நான் அவள்ட்ட கேக்கல. நோட்டு எல்லாத்தையும் வெள்ளிக்கிழம வாங்கி வச்சுக்கிட்டு, சனிக்கிழம அம்மை வீட்டுக்குக் கொண்டு போறாளே, அங்க யாரு வாசிக்கா? அதத்தான் கேக்கேன். பதினாலு வீட்டுக் கேள்வி அவளுக்க பையில இருக்கு. பதிலு வேற நோட்டுல எழுதி வச்சிருப்பா. இல்லன்னா எதுக்குக் கேக்கணும்?”

செசிலி வாயெடுக்குமுன் மரியபுஷ்பம் பேசினாள். அதுவரை சுவரோடு சாய்ந்து, முந்தானையால் வாயை மூடி உட்கார்ந்திருந்தவள்.

“எனக்க ரெனிஷாவுக்க காரியத்துக்கு யாரு பதிலு சொல்லுவா செசிலி?”

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் கூப்பிட்டு, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பங்குச் சாமியார் அறிவிப்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். மரியபுஷ்பத்தின் மூத்தவள் ரெனிஷாவுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை குவைத்தில், வீடு திங்கள்சந்தையில். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள், சாமியார் அந்தப் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து விட்டிருந்தாள். ‘பிள்ளைக்குச் சின்னதுல வலிப்பு உண்டாமே, மறைச்சது எதுக்கு?’ என்று ஒரே ஒரு கேள்வி. அத்தோடு முடிந்தது.

ரெனிஷாவுக்குப் பதின்மூன்று வயதில் வலிப்பு வந்தது உண்மை. நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டி, இரண்டு வருஷம் மாத்திரை தின்று, குணமாகிப் பத்து வருஷம் ஓடிவிட்டது. தெருவில் அது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். முதல் தடவை வந்தபோது அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவளே செசிலிதான். அதனால் செசிலியின்மேல் மரியபுஷ்பத்துக்குச் சந்தேகம் வரவில்லை. வந்தது வேறு இடத்தில். இளையவள் அஜிஷா, மூன்றாம் வகுப்பு, ஸ்மைலினிடம் படிக்கிறவள். அவளுடைய நோட்டில் மூன்று வாரத்துக்கு முந்தின தேதியில் இருந்தது: ‘ஒய் டிட் ரெனிஷா ஈட் டேப்லெட் ஃபார் டூ இயர்ஸ்?’ பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி. அதற்குப் பக்கத்தில் ‘வெரி குட்’.

மரியபுஷ்பம் அந்த நோட்டை எடுத்து வந்திருந்தாள். பக்கத்தை விரித்து எல்லாருக்கும் காட்டினாள். படிக்கத் தெரியாதவர்களும் சிவப்பு மையைப் பார்த்தார்கள்.

ஸ்மைலின் சாயாத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். “மாமி, அந்தக் கேள்வியில தப்பே இல்ல. டிட் சரியான எடத்துல இருந்துது. அதான் வெரி குட் போட்டேன்” என்றாள்.

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய சொல்லா அது? பெர்லின் கன்னத்தில் கைவைத்தாள். அன்பியத் தலைவர் கபிரியேல், “சாயா ஆறுது, சாயா ஆறுது” என்று இரண்டு தரம் சொன்னார். பாதிப் பேர் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

ஸ்மைலினைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நெய்யூர்ப் பக்கமிருந்து இந்தக் கடற்கரைக்குக் கல்யாணமாகி வந்தவள். கரையில் பிறக்காதவளை உள்நாட்டுக்காரி என்று சொல்வது இங்கே வழக்கம். அதில் குற்றமும் இல்லை, பாசமும் இல்லை. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். புருஷன் ஆன்ட்ரூஸ் கல்யாணமான நாற்பதாம் நாள் கத்தாருக்குப் போனான். பிள்ளை இல்லை. வெளியே இறங்கினால் ஏன் இறங்குகிறாள் என்பார்கள், வீட்டுக்குள் இருந்தால் ஏன் இறங்கவில்லை என்பார்கள். மாமியார் விடியக்காலம் கரையில் ஏலம் எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் மீனைக் கட்டி, மணவாளக்குறிச்சியில் பஸ் ஏறித் திங்கள்சந்தை வரைக்கும் போய் வீடு வீடாக விற்றுவிட்டுப் பின்னேரம் வருவாள். அதுவரை இவளுக்கு நான்கு சுவர்.

ஒருநாள் அஜிஷா வீட்டுப்பாடத்தோடு வந்து நின்றாள். மறுநாள் மூன்று பேர். ஆறு மாதத்தில் பதினாலு.

பிள்ளைகள் படித்தது இங்கிலீஷ் மீடியம். பதில் கேட்டால் கைடில் உள்ளபடி ஒப்பிக்கும். நீ ஒரு கேள்வி கேள் என்றால் முழிக்கும். எழுதச் சொன்னால் சாதாரணமாக ஒரு வரி எழுதி, கடைசியில் கொக்கி மாதிரி கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். தமிழில் கடைசிச் சொல்லை ஒரு இழுப்பு இழுத்தால் கேள்வியாகிவிடுகிறது, அந்தப் பழக்கம் போகவில்லை.

“இங்கிலீஷ் கேள்விக்கு மொகம் முன்னால இருக்கு மக்களே, வாலுல இல்ல” என்பாள் ஸ்மைலின். பழைய கோவில் காலண்டரின் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் பெரிதாக ஹூ, வாட், வேர், வென், ஒய் என்று ஐந்தையும் ஐந்து நிறத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒரு துணிப்பைக்குள் எதையாவது போட்டுக் கட்டி நடுவில் வைப்பாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், கேட்டுக் கேட்டு மட்டுமே. தமிழில் கேட்டால் பதில் கிடையாது.

செசிலிக்கு அந்த விளையாட்டில் வெகு பிரியம். கரையிலிருந்து வரும்போது பையில் போட ஏதாவது கொண்டு வருவாள். ஒருநாள் உயிர் நண்டைக் கொண்டு வந்து, மருமகளுக்கும் சொல்லாமல் பையில் போட்டுக் கட்டிவிட்டாள். பெர்லினின் மகன் பையைத் தொட்டுப் பார்த்து, “டீச்சர், இட் இஸ் பைட்டிங்?” என்றான்.

“தப்பு. டஸ் இட் பைட்? அப்படிக் கேளு.”

“டஸ் இட்...” என்பதற்குள் அது துணியோடு சேர்த்து அவன் விரலைப் பிடித்துவிட்டது. பதினாலு பிள்ளைகளும் மூலைக்கு ஒன்றாகத் தெறித்தன. செசிலி வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “மாமி, ஒங்களையும் பெஞ்சு மேல ஏத்தணும்” என்றாள் ஸ்மைலின். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு ஆன்ட்ரூஸ் போனபிறகு கேட்டதில்லை.

பதில் எழுதாத விஷயத்துக்கு வருவோம். முதல் வாரம் கேள்வியும் எழுது, பதிலும் எழுது என்றுதான் சொன்னாள். பிள்ளைகள் விவரமானவை. பதில் எழுதுவது கஷ்டம் என்பதால், பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்து எழுதின. பதினாலு நோட்டிலும் ‘வாட் இஸ் யுவர் நேம்?’ “உனக்க பேரு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சதக் கேக்கப்பிடாது. உனக்கு எது தெரியாதோ அதக் கேளு. பதிலு எழுதாண்டாம். ஒருநாளைக்கு அஞ்சு கேள்வி” என்றாள். அதற்குப் பிறகுதான் நோட்டுகளுக்கு உயிர் வந்தது. அப்பா குப்பியை எங்கே ஒளிக்கிறார்? சாமியார் ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை? சித்தி எப்போது திரும்பி வருவாள்? அந்தோனியார் சொரூபத்தின் விரலை யார் உடைத்தார்? பிள்ளைகளுக்குத் தெரியாதது என்றால் வீட்டில் பெரியவர்கள் மறைத்ததுதானே? அஜிஷாவும் அப்படித்தான் எழுதினாள். மாத்திரை தின்ற கதையை மாப்பிள்ளை வீட்டில் சொல்லவேண்டும் என்று ரெனிஷாவும், வேண்டாம் என்று தாயும் அடுக்களையில் வாதாடியது அவள் காதில் விழுந்தது. ஏன் தின்றாள் என்பது தெரியவில்லை. தெரியாததால் எழுதினாள்.

ஸ்மைலின் இலக்கணத்தைப் பார்த்தாள், விஷயத்தைப் பார்க்கவில்லை. அப்படித்தான் செசிலி கூட்டத்தில் சத்தியம் பண்ணினாள். ஆனால் கூட்டம் கலைந்து, குடிக்காத சாயாவையெல்லாம் சாக்கடையில் ஊற்றும்போது, அந்தச் சொல் மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. பதிலு எங்க கெடக்கு?

நெய்யூரும் திங்கள்சந்தையும் பக்கம் பக்கம். ஸ்மைலின் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போவது, அங்கே அப்பா பக்கவாதத்தில் கிடப்பதால். நோட்டுகளை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவதாகச் சொல்வாள். செசிலி கூடப்போய்ப் பார்த்தாளா? இல்லை. ரெனிஷாவின் பெயருக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கு முந்தின நாளும் ஸ்மைலின் போயிருந்தாள். மறுவாரம் கல்யாணம் நின்றது. எண்ணிப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கணக்குத் தானாக ஓடியது.

வெளியே போனால் செசிலி வேறு ஆள். மறுநாள் ஏலத்தில் ஒருத்தி, “உனக்க மருமொவ சிஐடி வேல பாக்காளாமே” என்றதற்கு, “ஓ, உனக்க வீட்டு ரகசியம் தெரிஞ்சு அவளுக்கு மெடலு குடுக்கப் போறாவ” என்று சாளை மீன் பாத்திரத்தை அவள் காலடியில் நங்கென்று வைத்தாள். இன்னொருத்தி தன் பிள்ளையை இனி அனுப்பமாட்டேன் என்றபோது, “அனுப்பாத. கொக்கி போட்டே வளரட்டும்” என்றாள். ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே நாளில் பிள்ளைகள் நின்றுபோயின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் ஸ்மைலின் பையைக் கட்டி நடுவில் வைத்தாள்.

அன்றைக்கு ராத்திரி கத்தாரிலிருந்து ஆன்ட்ரூஸ் கூப்பிட்டான். ஊர் வாட்ஸப் குரூப்பில் அந்த நோட்டுப் பக்கத்தின் படம் போயிருக்கிறது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. “உனக்கு எதுக்கு இந்தத் தேவையில்லாத வேல? எவன் வீட்டுக் கதையோ எழுதி வாங்கிக்கிட்டு...” என்றான். ஸ்மைலின் போனை மாமியாரிடம் நீட்டினாள். மகனிடம் செசிலி, “நீ வேலயப் பாருலே. இங்க உள்ளத நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கே அப்போது தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் தெரிந்தது.

ஸ்மைலின் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். செசிலி பீரோவைத் திறந்தாள். மருமகளின் சேலைகளுக்கு அடியில் கைவிட்டாள். நீளமான ஒரு நோட்டு தட்டுப்பட்டது. பிள்ளைகளுடையது இல்லை, ஸ்மைலினின் கையெழுத்து. பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் பெயர். செசிலிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பதினாலு பிள்ளைகளின் பெயரையும் அவள் தினம் சிலேட்டிலும் சுவரிலும் பார்த்தவள், உருவம் தெரியும். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் வரி வரியாக இங்கிலீஷ். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை.

கேள்வி இல்லையென்றால் பதில்தானே?

நோட்டை முந்தானைக்குள் சுருட்டினாள். துணியில் பொதிந்து, மீனுக்குப் போகும் பைக்குள் வைத்து, அயிலை மீன் பாத்திரத்தோடு பஸ் ஏறினாள். ஊரில் யாரிடமும் காட்ட முடியாது. திங்கள்சந்தையில் தாணம்மாள் இருக்கிறாள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவள். பதினைந்து வருஷமாகச் செசிலியிடம்தான் மீன் வாங்குவாள். வாசலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஊர்க்கதை கேட்டுவிட்டுத்தான் விடுவாள்.

“யம்மா, இத ஒண்ணு வாசிச்சுச் சொல்லணும்” என்று நோட்டை எடுத்து நீட்டினாள் செசிலி.

“என்னதிது, மீன் வெள்ளம் சொட்டுது” என்று விரல் நுனியால் வாங்கிக் கண்ணாடியை மாட்டினாள் தாணம்மாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள். “இது வாத்திச்சி நோட்டுல்லா. அஜிஷா, டிட் போட்டா பொறகு வினைச்சொல்ல மாத்தக் கூடாதுன்னு மூணு தரம் சொல்லியாச்சு, இப்பம் சரியாயிட்டுன்னு எழுதியிருக்கு. இந்தப் பயலுக்கு ஒய் வருது, வென் வரல்லியாம். இந்தப் பிள்ள சத்தமாக் கேட்டாச் சரியாச் சொல்லுகா, எழுதும்போ மறந்துபோவுகா. எல்லாம் இந்தக் கததான். யாரு எழுதுனது? நல்ல பிள்ளயா இருக்காளே.”

“வேற ஒண்ணும் இல்லியா? வீட்டுக் காரியம், ரெனிஷா, வலிப்பு, அப்படி...”

தாணம்மாள் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். “ரெனிஷாவா? அந்தக் குவைத்துப் பயலுக்குப் பாத்த பிள்ளயா? அது இதுல எதுக்கு வரணும்? அதான் நீயே சொன்னியே.”

“நான் என்ன சொன்னேன்?”

“நல்லாருக்கே. இதே படியில இருந்து நீதான சொன்ன. அடுத்த வீட்டுக்காரி, அதான் பயலுக்க அம்மை, உங்க மீன்காரி அந்தத் தெருதான, பிள்ள எப்படின்னு ஒரு வாக்கு கேட்டுச் சொல்லுங்கன்னா. நான் உங்கிட்டக் கேட்டேன். நீ பிள்ளயத் தூக்கி வச்சுப் பேசுன. தங்கம்னு சொன்ன. சின்னதுல வலிப்பு வந்து ரெண்டு வருசம் மாத்திர தின்னு, அதையும் தாண்டி நர்சிங் படிச்சிட்டா, எம்புட்டுத் தெடம் பாருங்கன்னு சொன்ன. நானும் அப்படியேதான் சொன்னேன், கூட்டல்ல, குறைக்கல்ல.”

இந்தப் பக்கத்தில் பெண் பார்க்கிறவர்கள் சாமியாரிடம் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். எல்லாம் கேட்டு முடித்தபிறகு, தெருவுக்கு வரும் மீன்காரியிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவளுக்குத்தான் இரண்டு ஊர் அடுக்களையும் தெரியும். செசிலியிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கல்யாண விசாரிப்பு என்று தெரிந்தால் வாயைக் கட்டிவைப்பாள். தாணம்மாள் அயிலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டாள். தான் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை என்ற பெருமையில் செசிலி சொன்னாள். அது விசாரிப்பு என்று அவள் நினைக்கவே இல்லை.

அன்றைக்கு மீதி மீனை விற்காமல் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் துடைத்து, சேலைகளுக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்தாள். துடைத்தால் போகிற நாற்றமா அது? சாயங்காலம் ஸ்மைலின் பீரோவைத் திறந்துவிட்டுக் கையில் நோட்டோடு அடுக்களைக்கு வந்தாள்.

“மாமி, இந்த நோட்டு எங்க போயிட்டு வருது?”

செசிலி சாளையைச் செதில் போக உரசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “எனக்கெப்படித் தெரியும்? உனக்க நோட்டு உனக்குத்தான தெரியும்.”

ஸ்மைலின் நோட்டை வெயில் விழும் சன்னலில் விரித்து வைத்துவிட்டுப் போனாள்.

செசிலி பிடிவாதக்காரி, பயந்தவள் இல்லை. அடுத்த வியாழக்கிழமை அன்பியம் பெர்லின் வீட்டில். ஜெபமாலை முடிந்ததும், வேறு யாரும் வாயைத் திறக்குமுன் எழுந்து நின்றாள்.

“கபிரியேலண்ணே, எனக்கு ஒண்ணு பறயணும். ரெனிஷாவுக்க காரியம் வெளிய போனது எனக்க வாயால. திங்கள்சந்தையில பேச்சுவாக்குல பறஞ்சேன். நல்லதுன்னு நெனச்சுப் பறஞ்சேன். நோட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. எனக்க மருமொவள இனி யாரும் ஒண்ணும் சொல்லப்பிடாது. சொல்லுகவ என்னச் சொல்லுங்க.”

“அம்மோ, நீயா?” என்றாள் பெர்லின்.

மரியபுஷ்பம் மெல்ல எழுந்தாள். “எனக்க பிள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடுனது நீதான். அத நான் மறக்கமாட்டேன். இதையும் மறக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். சாயா அன்றைக்கும் பாதி மிஞ்சியது.

மறுநாளே பிள்ளைகள் திரும்ப வந்தன. மூன்று ஒன்பதாயிற்று. அஜிஷா மட்டும் வரவில்லை. பெர்லின் மகனைத் தானே கூட்டிவந்து விட்டு, “கேள்வி எழுதட்டும், ஆனா எனக்க மாப்பிளயப் பத்தி வேண்டாம் டீச்சரே” என்று சிரித்துக்கொண்டு போனாள். டீச்சரே என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆன்ட்ரூஸ் போனில் மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று செசிலி நினைத்தாள். நெத்திலி வாங்கிவந்து, ஸ்மைலினுக்குப் பிடித்த மாதிரித் தேங்காய் அரைத்து அவியல் வைத்தாள். ஸ்மைலின் சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் மாமியார் முகத்தை ஏதோ எதிர்பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். செசிலிக்கு அது தெரிந்தது. எதை எதிர்பார்க்கிறாள் என்பதும் தெரிந்தது. ஊருக்கு முன்னால் ஒத்துக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அடுக்களையில், இரண்டே பேர் இருக்கும்போது, அந்த ஒரு சொல் வெளியே வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் ஸ்மைலின் பெட்டியைக் கட்டினாள். பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தி அடுக்கி மேசைமேல் வைத்திருந்தாள்.

“மாமி, இத பிள்ளைகள்ட்ட குடுத்திருங்க. அஜிஷாவுக்க நோட்டு மேல இருக்கு. நெய்யூர்ல ஒரு நர்சரி ஸ்கூல்ல கேட்டிருந்தேன், நாளைக்கு வரச் சொன்னாவ. அப்பாவையும் பாத்துக்கிடலாம்.”

“யாருட்ட கேட்டுப் போற? அவன்ட்ட சொன்னியா?”

“சொல்லியாச்சு.”

“ஊருக்க முன்னால நான் எனக்க தல குனிஞ்சு சொன்னேனே, அது போதாதா உனக்கு?”

ஸ்மைலின் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. செசிலி பெட்டியைத் தூக்கப் போனாள், ஸ்மைலின் விடவில்லை. வாசலுக்கு வரும்போதுதான் செசிலிக்கு அது வாயில் வந்தது.

“பீரோவத் தொறந்தது நான்தான். நோட்ட எடுத்ததும் நான்தான்.”

“தெரியும் மாமி. மீன் வாட உள்பக்கம் வரைக்கும் ஏறியிருந்துது.”

“தெரிஞ்சிருந்தா ஏன் சண்ட போடல? ரெண்டு வார்த்த கேட்டிருக்கலாமே.”

“கேட்டேன். எங்க போயிட்டு வருதுன்னு கேட்டேன். தெரியாதுன்னு சொன்னீங்க.” குரல் உயரவில்லை. “ஊரு சொன்னது எனக்கு வலிக்கல மாமி. அவங்களுக்கு என்னத் தெரியாது. ஒரே அடுக்களையில மூணு வருசம். நீங்க எங்கிட்டயே கேட்டிருந்தா, நானே ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருப்பேன்.”

செசிலி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்மைலின் குனிந்து செருப்பை மாட்டினாள். “அடுப்புல கஞ்சி இருக்கு. பிரஷர் மாத்திர சாப்பிட்டபொறவுதான், மறந்திராதீங்க” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.